ஒரே சிப்பி, இரண்டு கரை

நாகோயாவில் ஏறிய கின்டெட்சு ரயில் இசே நகரைத் தாண்டியதும் மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. கொஞ்ச நேரத்தில் சன்னலோரம் தண்ணீர் தெரிந்தது. அதைக் கடல் என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிக்காரன் கண்ணுக்குக் கடல் என்றால் உப்பளப் பாத்திகள் முடிகிற இடத்தில் தொடங்கி, கிழக்கே தட்டையாகக் கிடக்கும் பெருவெளி. தெளிந்த நாளில் வான்தீவு ஒரு கோடாகத் தெரியும். அதற்கப்பால் வானம்தான். இங்கேயோ பச்சை மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. திரும்பிய பக்கமெல்லாம் தீவு. நுரையில்லை, இரைச்சலில்லை.

“இதுதான் அண்ணாச்சி தோபா. இங்க அலைன்னு ஒண்ணு கிடையாது” என்றான் கூட வந்த தம்பி. தாளமுத்து நகர்ப் பையன். நாகோயா பக்கம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பொறியாளர். “எங்க தாத்தாவுக்கு இப்படி ஒரு தண்ணி கிடைச்சிருந்தா இன்னும் பத்து வருசம் கூட இருந்திருப்பாவ.”

அவன் தாத்தா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக வரிசையாய்ச் சலாபம், அதாவது பெரிய முத்துக்குளிப்பு, நடந்தது 1955 முதல் 1961 வரை. அந்த ஆண்டுகளில் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பார் என்ற கடலடிச் சிப்பித்திட்டில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை, முத்துக்குளிப்பும் நின்றுபோனது. நான் ஜப்பானுக்கு வந்த வேலை வேறு. ஆனால் தோபா என்ற பெயரைக் கேட்டதும், அந்த ஊரைப் பார்க்காமல் திரும்பினால் தூத்துக்குடிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

தோபா நிலையத்திலிருந்து பொடிநடையாக நடந்தால் ஒரு பாலம் வருகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மிகிமோட்டோ முத்துத் தீவு. 1893 ஜூலையில் கோகிச்சி மிகிமோட்டோ என்பவர் இந்தத் தீவுக்கரையில் வளர்த்த சிப்பிகளைத் திறந்தபோது, ஓட்டோடு ஒட்டிய அரைவட்ட முத்துகள் கிடைத்தன. மனிதன் திட்டமிட்டு விளைவித்த முத்துத் தொழிலின் பிறப்பு அதுதான். இன்று அங்கே அருங்காட்சியகம், முத்தாலேயே செய்த கோபுரம், கோகிச்சியின் சிலை எல்லாம் இருக்கின்றன. 1926இல் பிலடெல்பியா கண்காட்சிக்காகச் செய்த அந்தக் கோபுரத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முத்துகள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நெருக்கியது.

எங்கள் இருவரையும் நிறுத்திவைத்தது வேறொன்று. ஒரு படகு வந்து நின்றது. வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள் மரத்தொட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குதித்தார்கள். ‘அமா’ என்ற குளிகாரிகள். ஆக்ஸிஜன் குழாய் எதுவும் கிடையாது. வெறும் மூச்சு. உள்ளே போனவர்கள் ஒரு நிமிடம் அளவுக்கு வரவில்லை. பிறகு மேலே வந்து, உதடு குவித்து மூச்சை விட்டபோது சீட்டியடித்த மாதிரி ஒரு மெல்லிய ஒலி கேட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தம்பி தட்டவில்லை. “தாத்தாவும் இப்படித்தான் ஊதிக்கிட்டே மேல வருவாவளாம். அம்மாச்சி சொல்லும்” என்றான்.

முன்பு இவர்கள்தான் சிப்பியை எடுத்துவந்து கொடுப்பதும், கருப்பொருள் வைத்த சிப்பியைத் திரும்பக் கடலடியில் அடுக்குவதும். வளர்ப்புத் தெப்பங்கள் வந்தபின் அந்த வேலை போய், இப்போது தீவில் பார்வையாளருக்காகக் குளிக்கிறார்கள். வெளியே ஷிமா கரையில் சங்கும் கடற்பாசியும் எடுக்கும் அமாக்கள் இன்னும் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள்.

உள்ளே செயல்விளக்கக் கூடத்தில் ஒரு பெண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிப்பியைத் தாங்கியில் செருகி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து, கூர்க்கத்தியால் உள்ளே ஒரு சின்னக் கீறல் போட்டார். இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மென்சதையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் துண்டு ஒன்றை முதலில் உள்ளே வைத்தார். பிறகு ஒரு வெள்ளைக் குண்டுமணியை அதைத் தொடும்படி நகர்த்தினார். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது பட்டையோடு பட்டை பொருந்த வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி. அந்தச் சதைத்துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாக மூடும். அந்தப் பைதான் படலம் படலமாக முத்துப்பூச்சைப் பூசும். தொடாமல் போனால் மணி மணியாகவே கிடக்கும்.

மேசையில் இருந்த ஓட்டைத் தம்பி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது நம்ம சிப்பில்லா அண்ணாச்சி!”

நம்ம சிப்பிதான். ஜப்பானியரின் அகோயாச் சிப்பியும், தோலாயிரம் பார் முதலான மன்னார் வளைகுடாப் பார்களில் கிடக்கும் முத்துச்சிப்பியும் உயிரியல் கணக்கில் ஒரே இனம்: பிங்க்டாடா ஃபுகாட்டா. இயற்கை இரண்டு கரைக்கும் ஒரே மூலதனத்தைத்தான் கொடுத்திருக்கிறது. சொல்லப்போனால் நமக்குக் கூடுதலாகவே கொடுத்தது. கொற்கை முத்து ரோமாபுரிக்குப் போன காலத்தில் தோபாவை உலகச் சந்தையில் யாருக்கும் தெரியாது. வெதுவெதுப்பான நம் கடலில் சிப்பி முத்துப்பூச்சையும் வேகமாகப் பூசும்.

உள்ளே வைத்த அந்த மணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று வட்டாரத்தில் கிடைக்கும் நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டை வெட்டி, உருட்டி, மெருகேற்றிச் செய்வது என்றார்கள். அதாவது முத்தின் நடுப்பகுதிகூட ஜப்பானுடையதல்ல. இரும்புத்தாதும் எண்ணெயும் இல்லாத நாடு கப்பலும் காரும் செய்ததைப் பற்றிப் படித்திருக்கிறோம். அந்தக் கதை முழுவதும் ஒரு சிப்பிக்குள் அடங்கிக் கிடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கோகிச்சி 1858இல் தோபாவில் பிறந்தவர். அப்பாவுக்கு உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் விற்கும் கடை. பெரிய பள்ளிப் படிப்பு இல்லை; காய்கறி விற்றவர். ஊர்க் கடலில் சிப்பியை வாரியெடுத்து அழித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, வளர்த்துப் பார்க்கலாம் என்று இறங்கினார். 1890இல் டோக்கியோ பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ககிச்சி மிட்சுகுரியைச் சந்தித்தார். சிப்பிக்குள் வெளிப்பொருள் ஒன்று புகுந்தால் முத்து விளைய வாய்ப்புண்டு என்று அவர் விளக்கினார். இரண்டு ஆண்டு கழித்துக் கடலில் செந்நிறப் பாசி பெருகி, வளர்த்த சிப்பிகள் பெருமளவு செத்தன. அதற்கடுத்த ஆண்டுதான் அந்த அரைவட்ட முத்துகள். முழு உருண்டை முத்துக்கான வழியைக் கண்டவர்களில் ஒருவர் டோக்கிச்சி நிஷிகாவா. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர், கோகிச்சியின் மருமகன். இன்னொருவர் தாட்சுஹெய் மிசே; தச்சர்.

இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நூடுல்ஸ் கடைக்காரர் மகன், பேராசிரியர், ஆராய்ச்சியாளர், தச்சர். இவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும்படி ஒரு நாடு அமைந்திருந்தது. அது தானாக அமையவில்லை. 1872இலேயே மெய்ஜி அரசு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஊரில் கல்லாத குடும்பம் இருக்கக் கூடாது, குடும்பத்தில் கல்லாத ஆள் இருக்கக் கூடாது என்பது அதன் குறிக்கோள். தொடக்கத்தில் கட்டணம் கேட்டதால் விவசாயிகள் பள்ளிகளை எரித்த ஊர்களும் உண்டு. ஆனாலும் 1910 வாக்கில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் தொடக்கப் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். மிட்சுகுரியும் அவருடைய துறையும் 1886இல் மிசாக்கி கடற்கரையிலேயே உயிரியல் ஆய்வு நிலையம் திறந்தார்கள். பல்கலைக்கழகம் கரைக்கு இறங்கி வந்ததால்தான் காய்கறிக்காரர் அதன் படியேற முடிந்தது.

அதே ஆண்டுகளில் நம் கடலில் என்ன நடந்தது? நமக்கு எதிர்க்கரை மன்னாரில் 1905இல் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிச் சிப்பிகளை அள்ளினார்கள். குளிக்கப் போனவர்களில் தூத்துக்குடி, கீழக்கரை ஆட்களும் உண்டு. அடுத்த ஆண்டு இலங்கையின் பிரிட்டிஷ் அரசு அந்தப் பார்களை லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை, நிறுவனம் கவிழ்ந்தது. அறிவியலை ஆட்சியாளர்கள் விட்டுவிடவில்லை. அந்தச் சலாபத்துக்கு முன்பே ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பார்களை ஆராயச் செய்தார்கள். முத்துக்குக் காரணம் நாடாப்புழுவின் இளம்பருவம் என்று அவர் கருதினார், அது நிலைக்கவில்லை. சிப்பியை எண்ண ஆள் வந்தார்கள், தரம் பார்க்க ஆள் வந்தார்கள், ஏலம் விட ஆள் வந்தார்கள். பாரை உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்திருந்த குளிகாரருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் வரவில்லை.

வழி தெரியாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கிவைத்த பிரெடரிக் நிக்கல்சன் ஜப்பானுக்கே போய்ப் பார்த்து, அங்குள்ள மீன்தொழில் பற்றி 1907இல் அறிக்கை எழுதினார். 1911இல் கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு சட்டமன்றத்தில் அது 38க்கு 13 என்று தோற்றது. அப்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். மசோதா தோற்ற காலத்தில்தான் ஜப்பானின் உருண்டை முத்து சந்தைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அது பெருவாரியாக வந்து இறங்கியதும் 1930களில் பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பே சாய்ந்தது. குவைத்தும் பஹ்ரைனும் அதிலிருந்து எழுந்தது எண்ணெயால். நமக்கு அப்படி ஓர் எண்ணெய் கிடைக்கவில்லை.

தீவிலிருந்து இறங்கி மறுபடி ரயிலேறி, பாதை முடிகிற காஷிகோஜிமாவுக்குப் போனோம். ஆகோ விரிகுடா அங்கேதான். நிலம் கை கையாகப் பிரிந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடுக்குகளில் அசையாத தண்ணீர். தண்ணீர் மேல் மூங்கில் தெப்பங்கள், அவற்றிலிருந்து தொங்கும் வலைகளில் சிப்பிகள். கரையோரம் தகரக் கொட்டகைகள். ஒன்றில் வயதான கணவனும் மனைவியும் ஓட்டில் ஒட்டிய பாசியையும் கொட்டலசுகளையும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் ஜப்பானிய மொழியில் பேச்சுக் கொடுக்க, அந்த அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

கொட்டகைச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. வரிசை வரிசையாக எண்கள். மியே மாகாண ஆய்வு நிலையம் அனுப்பும் தகவல் அது: எந்தக் குடாவில் எந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு சூடு, சிப்பியின் உணவான நுண்பாசி எவ்வளவு, தீங்கு செய்யும் பாசி வந்திருக்கிறதா. அதைப் பார்த்து அந்தப் பெரியவர் வலையை இறக்குகிறார், ஏற்றுகிறார், தெப்பத்தை இடம் மாற்றுகிறார். தம் பங்குக்குத் தாமும் ஒரு குறிப்பேட்டில் வெப்பத்தை எழுதி வைக்கிறார். அறுவடை குளிர்காலத்தில்தான், தண்ணீர் குளிர்ந்தால் மேற்பூச்சு மெலிதாகப் படிந்து பளபளப்புக் கூடும் என்று விளக்கினார். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். பக்கத்து வாகு ஊரில் மாகாண அரசின் மீன்வள உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, அதுவே போதும் என்றார்.

அந்தத் தாளின் முன்னால் நான் நின்ற நேரம் முத்துக் கோபுரத்தின் முன்னால் நின்றதைவிட அதிகம். ஏனென்றால் நம் கரையிலும் அந்த அறிவு ஒரு காலத்தில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே, தருவைகுளம் தாண்டினால் வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் உடன் பணியாற்றியோரும் அங்கே 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். ஜப்பானியர் நுட்பத்தை வெளியே விடாமல் பொத்திவைத்த காலம் அது. தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். 1981இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சையே பொரிக்க வைத்தார்கள். பாரில் சிப்பி இல்லையே என்ற கவலைக்கும் அதோடு விடை கிடைத்தது. அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு முத்து நிறுவனம்கூடத் தொடங்கினார்கள். ஆனாலும் கரையில் அது தொழிலாக வேர்விடவில்லை.

கடலைக் குறை சொல்ல இடமுண்டு. ஆகோ குடாவின் மறைவு நமக்கு இல்லை. சோழகக் காற்று அடித்தால் தெப்பம் நிற்காது, தண்ணீர் கலங்கும், சிப்பியைத் துளைக்கும் பூச்சிகளும் அதிகம். இயற்கை வளம் என்பதில் சிப்பி மட்டும் சேராது. அமைதியான தண்ணீரும் சேரும். அதை மறைத்து, படிப்பு ஒன்றே எல்லாம் என்று பேசினால் அது மேடைப் பேச்சு. ஆனால் காற்றை மட்டும் சொல்லித் தப்பவும் முடியாது. ஜப்பானில் 1960களில் முத்து வளர்த்தவர்கள் ஆயிரக்கணக்கான சிறு குடும்பங்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கடன் இருந்தது, ஆய்வு நிலையம் இருந்தது, எண்களை வாசிக்கும் படிப்பு இருந்தது. நம்மிடம் கண்டுபிடிப்பு ஆங்கில ஆய்வேடாக அச்சேறியது. கருப்பொருள் வைக்கும் கையை ஆயிரம் பேருக்குப் பழக்கும் வேலை நடக்கவில்லை. இடையில் நம் தீவுகளின் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. அலையைத் தடுத்து நின்ற சுவரை நாமே விற்றோம்.

“தாத்தா கைநாட்டு அண்ணாச்சி” என்றான் தம்பி, திரும்பும் ரயிலில். “அப்பா மதியச் சோத்துக்காகப் பள்ளிக்கூடம் போய் எட்டாவது வரை படிச்சாவ. நான் இங்க வந்துட்டேன்.” அந்த மதியச் சோற்றை 1956இல் காமராசர் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜப்பானிலும் பள்ளி உணவு ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது, 1889இல் யமகட்டா மாகாணத்தில். சோறு போட்டுப் பள்ளிக்கு இழுத்த இரண்டு நாடுகளுக்கும் பலன் கிடைத்தது. நமக்குக் கிடைத்த பலனில் ஒரு பங்கு இப்போது நாகோயாவில் காருக்கு உதிரிப்பாகம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறது.

நான் கேட்டேன்: “நம்ம ஊர்லயே இந்த வேலை இருந்தா வருவியா?”

“வின்ஃபாஸ்ட் வந்திருக்கே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றான். வியட்நாம் நிறுவனமான அது 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்கார் ஆலையைத் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “அந்தக் கொட்டகைத் தாத்தா வீட்டுப் பையனும் ஒசாக்காவுக்குப் போயிட்டானாம். தொழிலை எடுத்து நடத்த ஆளில்லையாம்.” ஆகோ குடாவிலும் தெப்பங்கள் குறைந்துவிட்டன. 1990களின் நடுவிலும் 2019இலும் சிப்பிகள் கூட்டமாகச் செத்தன. படிப்பு ஆளை உயர்த்தும். உயர்ந்த ஆளுக்கு ஊரில் இடமில்லாவிட்டால் அதே படிப்பு அவனை ரயிலேற்றிவிடும். தோபாவுக்கும் தாளமுத்து நகருக்கும் இதில் வித்தியாசமில்லை.

ஊருக்கு வந்தபின் இதை நண்பர்களிடம் சொன்னால், “அது ஜப்பான், அவன் வேற” என்று முடித்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. மீன் எங்கே கூடும், அலை எவ்வளவு எழும் என்று இன்கொய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் கொடுக்கும் தகவல் இன்று தமிழிலேயே நம் கரைக்கு வருகிறது. வள்ளக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள். ஆகோ குடாவின் சுவரில் தொங்கிய தாளுக்கு அது தம்பிமுறை. 1977இலிருந்து தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முத்தை விளைவித்துக் காட்டிய ஆய்வு நிலையம் இருக்கிறது. கம்ப்ரசர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கி, கை கால் முடங்கி வீட்டில் கிடக்கும் சங்குகுளி மீனவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படி நிதானமாக மேலேற வேண்டும் என்பது ஒரு பக்க அட்டவணை. அந்தக் கல்லூரிக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள தூரம் ஷேர் ஆட்டோ தூரம்.

துறைமுகம் வளர்கிறது, ஆலை வந்திருக்கிறது, குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. ஒவ்வொன்றுக்கும் நம்மிடமிருந்து நிலமும் கடலும் தண்ணீரும் போகும். எத்தனை கோடி முதலீடு என்று பத்திரிகைகள் எழுதும். நம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கரையில் இருக்கிற எத்தனை பேருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பீர்கள், எந்த மொழியில், எந்த ஆண்டிலிருந்து? இதற்குப் பதில் எழுத்தில் வராத வரைக்கும், வருவது ராக்கெட் ஆனாலும் நமக்கு அது இன்னொரு சலாபம்தான். ஏலம் நடக்கும், கூட்டம் கூடும், பந்தல் பிரிப்பார்கள். குளித்தவன் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போவான்.